உங்களுக்குத் தெரியுமா? ‘சோம்பேறி’ என்று ஏச்சு வாங்கித் தந்த புழு

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் வெறுங்காலோடுதான் மலையேறிக் கொழுந்து பறித்தார்கள். பல லயங்களுக்குக் கக்கூஸும் கிடையாது. ஈரமண்ணில் கிடக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு கால் விரலிடுக்கைத் துளைத்து உள்ளே போகும். அந்த இடம் அரிக்கும். சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார்கள். புழுவோ நுரையீரல், தொண்டை என்று சுற்றிக்கொண்டு சிறுகுடலுக்கு வந்து, சுவரைக் கவ்வி, வருடக்கணக்கில் இரத்தம் குடிக்கும்.

இரத்தம் குறைந்தால் முகம் வெளிறும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மனதையும் அது விடாது. டோபமீன் போன்ற மூளை இரசாயனங்கள் உருவாக இரும்புச்சத்து வேண்டும்; அது குறைந்தால் எதிலும் பிடிப்பில்லாத மந்தம், கவனச்சிதறல், மனச்சோர்வு எல்லாம் வரலாம். கங்காணி கண்ணுக்கு அது சோம்பல்! 1916இல் ரொக்கஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. ஆள் நலத்தைவிட வேலை நடக்கவேண்டும் என்ற கவலைதான் துரைமாருக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

கிருமி நேரே மூளைக்குள் புகுந்து புத்தியைக் குலைப்பதும் உண்டு. பைத்தியம் என்று விடுதிகளில் அடைக்கப்பட்டு இறந்தவர்களின் மூளையில் மேகநோய்க் கிருமியை நொகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1913இல் கண்டுபிடித்தார். பென்சிலின் வந்த பிறகு அந்த வகைப் பைத்தியம் அரிதாகிவிட்டது.

இப்போது சந்தேகம் பூனைமேல். அதன் மலத்தில் பரவும் டொக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றிய அடையாளம் மனச்சிதைவு நோயாளிகளிடம் சற்று அதிகமாகத் தென்படுகிறது. அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அடுப்படிப் பூனையை விரட்ட வேண்டியதில்லை.