யானைகள் நீந்தும் ஏரி

கண்டி மாநகரில் வாழ்வோருக்கு ஏரியும் ஆறும் புதியன அல்ல. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல்நிலத்தை மறித்துக் கட்டுவித்த ஏரி நகரின் நடுவே கிடக்கின்றது. மகாவலி கங்கையோ நகரைச் சுற்றி வளைந்து ஓடுகின்றது. ஆயினும், படகேறிச் சென்று காட்டு விலங்குகளைக் காண விரும்பும் கண்டியார் கிழக்கே நெடுந்தூரம் செல்லல் வேண்டும். சீப்பு வண்டியில் செல்வதினும் படகிலிருந்தே நன்கு கண்டு வரத்தக்க வனம் இந்நாட்டில் கல்லோயாத் தேசியப் பூங்கா ஒன்றே எனலாம். ஆசிரிய நண்பர் ஒருவருடன் ஒரு வைகாசி மாதத்தில் அங்கே சென்றேன்.

விடியுமுன் புறப்பட்டோம். திகனையைக் கடந்ததும் வலப்புறத்தே விக்டோரியா நீர்த்தேக்கம் புகைபோன்ற பனியினூடே தோன்றலாயிற்று. மகாவலியின் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் எழுந்து 1985ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட அணை அது. பழைய தெல்தெனியா நகர் அந்நீரின் அடியிலேதான் உறங்குகின்றது. கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும்; மேட்டிலே புதிய ஊர் கண்டு குடியேறியவர்கள் அப்போது கீழே இறங்கிச் சென்று தம் பழைய வாழிடத்தைப் பார்த்து வருவதுண்டு.

உன்னஸ்கிரியாவுக்கு அப்பால் பதினெட்டு வளைவுகள். மலையின் குளிர் அங்கேயே நம்மை விட்டு விலகிவிடும். மகியங்கனை, மகா ஓயா, அம்பாறை ஊடாக இங்கினியாகலையை அடைந்தபோது உச்சிவேளை கழிந்துவிட்டது. வழிநெடுகக் கிடைத்த தேநீரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நன்று.

இங்கினியாகலையில் இரண்டு குன்றுகளுக்கிடையே ஆற்றை மறித்திருக்கின்றார்கள். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்கக் கம்பனியொன்று அணையைக் கட்டிற்று. இலங்கையின் முதற் பிரதமர் சேனாநாயக்காவின் பெயரால் அந்நீர்ப்பரப்புச் சேனாநாயக்க சமுத்திரம் எனப்படுகின்றது. நீர் தேங்கினாற் போதுமா? சுற்றியுள்ள காட்டை வெட்டிவிட்டால் மழையோடு மண்ணும் வந்து ஏரியைத் தூர்த்துவிடாதா? ஆதலின், நீர் வந்து சேரும் அக்காட்டைக் காக்கும் நோக்கத்தோடு 1954ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாயிற்று. ஆக, இங்கே காட்டுக்காக ஏரி அமையவில்லை. ஏரிக்காகவே காடு பிழைத்தது.

வனசீவராசிகள் திணைக்களத்து அலுவலகத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்று, வழிகாட்டி ஒருவருடன் படகேறினோம். கரை மறையச் சிறிது நேரமே பிடித்தது. நீர் வருமுன் மலையுச்சிகளாயிருந்தவை இன்று தீவுகள். மூழ்கி மாண்ட மரங்கள் பட்டையுரிந்து வெள்ளெலும்புபோல் நீரிடையே நிற்க, ஒவ்வொரு கிளையிலும் நீர்க்காகம் சிறகு விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பறவைத் தீவை நெருங்கியபோது எழுந்த கூச்சலில் எங்கள் பேச்சு எங்களுக்கே கேட்கவில்லை.

படகோட்டி திடீரென இயந்திரத்தை நிறுத்தினார். "சத்தம் போடாதீர்கள், மாத்தயா" என்று தாழ்ந்த குரலிற் சொல்லி, இரு தீவுகளுக்கிடையே கை நீட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீரின்மேல் ஒரு துதிக்கை. அதன் பின்னே வழுக்குப் பாறைபோல் ஒரு நெற்றி. அதன் பின்னே இன்னொன்று. இரண்டு யானைகள் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குப் புல் மேய நீந்திக்கொண்டிருந்தன. உடல் முழுதும் நீருள் மறைந்திருக்க, மூச்சு விடும் ஓசை மட்டும் சீறிச் சீறி வந்தது. கரையேறியதும் அவை உடலை உதறிக்கொள்ளவும் இல்லை. நின்ற இடத்திலேயே மேயத் தொடங்கின. தரையில் யானை கண்டால் நடுங்கும் நான், நீரில் அதனைக் கண்டு ஏனோ இரங்கினேன். கண்டிப் பெரகராவில் பட்டாடை போர்த்திய யானைகளை எத்தனையோ முறை பார்த்ததுண்டு. அவற்றை இனிப் பழைய கண்ணோடு பார்க்க முடியுமோ, அறியேன்.

கரையோரப் புல்வெளிகளுக்கு அப்பால் நீலகலைப் பக்கத்துக் காட்டில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் தாமே விளைகின்றன. திரிபலையின் மூன்று சரக்கும் ஒரே வெளியில்! இக்காடுகளில் வேடர்கள் வாழ்ந்தனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் இப்பகுதி வேடரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அம்மக்களின் வேட்டைக்காடுகளும் குகைகளும் பின்னர் ஏரியின் அடியிற் போயின.

திரும்புகையில் படகோட்டி தம் குடும்பக் கதையைச் சொன்னார். அவர் பாட்டனார் கண்டிப் பக்கத்தில் நிலமற்ற ஏழைக் குடியானவர். அணை எழுந்த காலத்தில் இங்கே ஒரு துண்டு வயல் பெற்று வந்தவர். நாங்களும் கண்டியார் என்றறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "உங்கள் மொழியிலும் இதற்குக் கல்லோயா என்றுதானே பெயர்?" என்று வினவினார். "இல்லை, பட்டிப்பளை ஆறு" என்றேன். அவர் அதனை இருமுறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை நாவில் ஒருவாறு வந்தது.

அதற்குமேல் அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 யூன் மாதத்தில் இக்குடியேற்றப் பகுதியில் தமிழர்கள் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். பட்டிப்பளை என்னும் பெயர் எம்மவர் நாவில் வெறும் ஆற்றின் பெயராக நின்றுவிடாதது அதனாலேதான். நண்பர் அதனைப் பேசத் தொடங்கி, படகோட்டியின் முகத்தைப் பார்த்து, வாய் மூடிக்கொண்டார். நிலமின்றி வந்த அம்முதியவரின் பேரனிடம் எந்தக் கணக்கை யார் கேட்பது? ஆயினும் கணக்கு இல்லையென்றும் சொல்ல மனம் வரவில்லை. எஞ்சிய வழி முழுவதும் இயந்திரத்தின் ஓசையே கேட்டது.

போக விரும்புவோர்க்கு இரண்டொரு சொல். பங்குனி முதல் ஆடி வரை யானைகள் மிகுதியாகக் கரையோரம் வரும். காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். கண்டியிலிருந்து போய்வர ஒருநாள் போதாது. அம்பாறையிலோ இங்கினியாகலையிலோ இராத்தங்கல் நன்று. குடிநீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டு செல்லுங்கள். கைத்தொலைபேசியில் பாட்டு வைத்துக் கேட்கும் தோழர்களைக் கரையிலேயே விட்டுச் செல்லுங்கள்.