பறிக்காமல் வீட்டுக்கு வரும் பூ

திருவண்ணாமலை என்ற பெயரைக் கேட்டதும் உயர்ந்த கோபுரங்களும் கார்த்திகைத் தீபமுமே எவருக்கும் நினைவுக்கு வரும். அவ்வூரிலிருந்து போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறிச் செல்லும் சாலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலைக்கு நம்மை இட்டுச் செல்கிறது. விடுமுறையில் குடும்பத்தோடு பீமன் அருவியைக் காணச் செல்லும் வாசகர்களே, வழியிலுள்ள முதிர்ந்த மரங்களைச் சற்று அண்ணாந்து பாருங்கள். அங்கே காட்டு ஆர்க்கிட் பூத்திருக்கக் கூடும்.

மேல்நிலைப் பள்ளியில் பயிலும் உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டாக வாண்டாவைப் பாடநூலில் படித்திருப்பார்கள். படித்தவர் பலர், பார்த்தவர் சிலர். அந்த வாண்டாவில் ஓரினம் நம் வறண்ட மலைகளிலும் மாந்தோப்புகளிலும் கூட வளர்கிறது. பட்டை போன்ற தடித்த இலைகள், மஞ்சளும் பச்சையும் பழுப்பும் கலந்து, வலை பின்னியது போன்ற கோடுகளுடைய இதழ்கள், நடுவில் ஊதா நிற உதடு, இனிய நறுமணம். கோடையில் இதைப் பூவோடு காணலாம்.

புல்லுருவி அன்று

மரத்தில் ஒட்டி வாழ்வதால் இதைப் புல்லுருவி என்று எண்ணி வெட்டி எறிவோர் உண்டு. அது தவறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. ஆர்க்கிட்டோ மரத்தில் இடம் மட்டுமே கேட்கிறது. உணவைத் தன் பச்சை இலைகளிலேயே தயாரித்துக் கொள்கிறது. காற்றில் தொங்கும் அதன் வேர்களைப் போர்த்தியுள்ள வெண்ணிறத் திசு, மழைநீரையும் பனி ஈரத்தையும் பஞ்சு போல் உறிஞ்சிக் கொள்கிறது. பூவை மட்டும் படமெடுத்துத் திரும்புவோர் இந்த அற்புதத்தைத் தவறவிடுகின்றனர்.

ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது; முளைப்பதற்கான உணவு அதனுள் இல்லை. தகுந்த பூஞ்சை ஒன்று வந்து சேர்ந்தால்தான் காட்டில் அது முளைக்கும். ஆகவே ஒரு செடியைப் பிடுங்கினால் அவ்விடத்தில் இன்னொன்று எளிதில் வருவதில்லை. பூவழகுக்காகவும், ராஸ்னா என்ற பெயரில் மருந்துக்காகவும் வாண்டா பிடுங்கப்படுகிறது. இந்தியாவில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் உள்ளன என்றும், அவற்றுள் 388 வகைகள் இந்நாட்டுக்கே உரியவை என்றும் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-இல் கணக்கிட்டது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடியை எடுப்பது சட்டப்படிக் குற்றமாகும். எடுத்து வரத்தக்கது படம் ஒன்றே.

படமெடுக்கும் முறை

காலை வெயிலோ மேகமூட்டமோ உள்ள வேளை சிறந்தது. உச்சி வெயிலில் உதட்டின் ஊதா நிறம் வெளிறித் தெரியும். முதலில் மரம் முழுவதையும், பிறகு செடியை வேர்களோடும், அடுத்து இலையின் நுனியையும், இறுதியாகப் பூவை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள். பூவின் ஒரு படத்தை மட்டும் வைத்து இனத்தைத் தெளிவாகக் கூறுவது அறிஞர்களுக்கும் கடினம். நாளையும், மரத்தின் பெயரையும் குறித்து வையுங்கள்.

செடி உயரத்தில் இருந்தால் கிளையை வளைக்காதீர்கள். தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸைப் பயன்படுத்துங்கள். குறுக்கே நிற்கும் இலையை ஒடிக்காமல் நூலால் மெல்ல ஒதுக்கிக் கட்டி, எடுத்து முடித்ததும் அவிழ்த்து விடுங்கள். மழைக்குப் பின் தரையில் முளைக்கும் ஆர்க்கிட்டுகளும் உண்டு. கோடை முழுவதும் அவை கிழங்காக மண்ணுக்குள் காத்திருப்பவை. ஆகவே மண்டியிடுமுன் தரையை நன்கு பாருங்கள். நாம் எடுக்கும் ஒரு பூவுக்காகப் பத்து முளைகள் நசுங்கலாகாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகிவிடுவதுண்டு. அப்படியே பலருக்கும் அனுப்பினால், செடி திருடுவோருக்கு நாமே வழிகாட்டியவர்களாவோம். இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியைப் பெறுங்கள். எந்த மரத்தில் எப்போது பூக்கும் என்பதை அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் பணிவோடு கேட்டறியுங்கள்.

அடுப்பு மூட்டுவதும் வேண்டாம். திருவண்ணாமலையின் மலையே ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது. 1980-களின் இறுதியிலிருந்து தொண்டர்கள் அங்கு மரம் நட்டு வருகின்றனர். கோடைத் தீயோ அவர்களது உழைப்பை மீண்டும் மீண்டும் அழிக்கிறது. மரம் வளர்ந்து பட்டை முதிர்ந்தால்தான் ஆர்க்கிட் குடியேறும். ஒரு தீக்குச்சி அதைப் பல்லாண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிடும்.

எடுத்த படத்தை நாளிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் பிள்ளைகளை அதே மரத்தடிக்கு அழைத்துச் சென்று, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செடி அங்கேயே இருந்து, புதிதாக ஓரிலையும் விட்டிருந்தால், அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணியதற்குச் சான்றாகும்.