மூளைக்காய்ச்சலுக்குப் பின் குழந்தையின் பேச்சு

மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தையை மகிழ்ச்சியோடு வீட்டிற்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர், சில வாரங்களில் வேறொரு கவலையுடன் திரும்பி வருகின்றனர். காய்ச்சல் இல்லை, குழந்தை தாயை அடையாளம் காண்கிறது, ஆனால் முன்போல் பேசவில்லை. இது பிடிவாதமா, அச்சமா, இனிப் பேச்சு வராதா என்பனவே அவர்களின் கேள்விகள்.

நோயும் அதன் தடமும்

மூளையில் அழற்சியை உண்டாக்கும் வைரஸ்கள் பல. அவற்றுள் தமிழகத்தோடு நெடிய தொடர்புடையது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்நோயாளிகள் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955ஆம் ஆண்டு, வேலூரில். நெல்வயல்களில் தேங்கிய நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுக்கள், பன்றிகளிடமிருந்தும் கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிடமிருந்தும் இவ்வைரஸை மனிதருக்குக் கொண்டு வருகின்றன. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை; ஆகவே வீடு திரும்பிய குழந்தையை உடன்பிறந்தவர்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டியதில்லை.

தொற்றுக்கு உள்ளாவோரில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. எனினும், மூளை அழற்சி ஏற்பட்டோரில் 100க்கு 30 முதல் 50 பேர் வரை நரம்பு, அறிவுத்திறன் அல்லது நடத்தை சார்ந்த நீடித்த பாதிப்புகளை அடைவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பேச்சு ஏன் மாறுகிறது?

பேச்சு என்பது ஒரே செயலன்று. கேட்டல், பொருள் உணர்தல், சொல்லைத் தேர்தல், உதடு, நா, குரல்வளை ஆகியவற்றை இயக்குதல் எனப் பல செயல்களின் கூட்டு அது. எது பழுதுபட்டது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் மூளையின் ஆழ்பகுதிகளான தாலமஸ் முதலியவற்றைத் தாக்குகிறது. இவற்றுள் சில தசைகளின் இயக்கத்தைச் சீராக்குபவை. ஆதலால் குழந்தைக்குச் சொல் தெரிந்திருந்தும் உச்சரிப்பு குழறலாம், குரல் மெலியலாம், எச்சில் வடியலாம், முகத்தில் உணர்ச்சி தெரியாமலும் போகலாம். அவ்வாறான குழந்தையை, புரிதல் இல்லாத குழந்தை என்று எண்ணிவிடக் கூடாது. மாறாக, ஹெர்ப்பிஸ் வைரஸ் பொட்டுப்பகுதி மூளையைத் தாக்குவதால் சொற்களும் நினைவும் பாதிக்கப்படலாம். அங்கே நா நன்கு இயங்கும், சொல்தான் கிட்டாது.

சிகிச்சையின் படிகள்

முதலில் விழுங்கும் திறன் சோதிக்கப்படும். உண்ணும்போது இருமலோ புரையேறுதலோ இருந்தால், உணவின் பதமும் உட்காரும் நிலையும் மாற்றப்படும். அடுத்து செவித்திறன் சோதனை. கேட்காத ஒலியைக் குழந்தை திருப்பிச் சொல்ல இயலாது. அதன் பின்னரே மொழிப் பயிற்சி தொடங்கும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாகத் தெரியலாம், பின்னர் மெதுவாகலாம். மெதுவாவது நின்றுவிடுவது ஆகாது. பயிற்சியைக் கைவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• ஒரு கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பாதிப்புற்ற மூளைக்கு விடை தேட நேரம் வேண்டும்.
• "என்ன வேண்டும்?" என்பதைவிட, இரண்டையும் காட்டி "இட்லியா, தோசையா?" என்று கேளுங்கள். கண்ணசைவும் விடையே.
• நீண்ட நேரம் ஒரே மூச்சில் பயிற்றுவிப்பதைவிட, நாளில் பலமுறை ஐந்து அல்லது பத்து நிமிடம் பயிற்றுவிப்பது நன்று.
• வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுங்கள். தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதில்லை.
• "சொன்னால்தான் தருவேன்" என்று வற்புறுத்தாதீர்கள்.

பேச்சு வரும்வரை மாற்றுவழி

படப்பலகை, சைகை, பேசும் மென்பொருள் ஆகியவற்றைக் கொடுத்தால் குழந்தை பேச மறந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது, கருத்தைத் தெரிவிக்க ஒரு வழி கிடைத்தால் குழந்தையின் ஏமாற்றமும் சினமும் தணிகின்றன, பேச்சுக்கும் அது தடையாவதில்லை. 1985இல் தொடங்கப்பட்டு, கோட்டூர்புரத்தில் இயங்கிவரும் வித்யாசாகர், பேச இயலாத குழந்தைகளுக்கு இத்தகைய வழிகளை நெடுங்காலமாகப் பயிற்றுவித்து வருகிறது. 'ஆவாஸ்' என்னும் படவழிப் பேச்சு மென்பொருளும் சென்னையில் உருவானதே. பிற மாவட்டத்தினர், அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

உடனே மருத்துவரைக் காண வேண்டிய நிலைகள்

வலிப்பு, மீண்டும் காய்ச்சலுடன் மயக்கம், ஏற்கெனவே திரும்பிய சொற்களை இழத்தல், உண்ணும்போது மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் தாமதிக்கலாகாது. வலிப்பு மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவும் மாவட்டங்களில் இதற்கான தடுப்பூசி ஒன்பதாம் மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இலவசமாகப் போடப்படுகிறது. வீட்டிலுள்ள இளைய குழந்தைக்கு அது போடப்பட்டுள்ளதா என்பதை இன்றே தடுப்பூசி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.