அணுக்கள் இடிக்காத வடிவம்: ஜி.என். ராமச்சந்திரன் போட்ட கணக்கு

நீலகிரியில் எமரால்டு பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில், வாட்டிய பச்சை இலையை இயந்திரத்தில் விட்டு நசுக்கியதும் அது கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். இலையில் உள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலை அது. நொதி ஒரு புரதம். அமினோ அமிலங்கள் வரிசையாக இணைந்த நீண்ட சங்கிலி. அது சரியான வடிவத்தில் மடிந்தால்தான் வேலை நடக்கும்.

எப்படியெல்லாம் மடியலாம்? இதற்கு விதி கண்டவர் ஓர் இயற்பியலாளர். பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு பயின்ற ஜி.என். ராமச்சந்திரன், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராய்வது அவருக்குக் கைவந்த கலை. அதை வைத்தே தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார்.

அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று ஆய்வாளர்கள் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தார்கள். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அமைப்பு தெரிந்த படிகங்களை அலசி, எந்த இரு அணுக்களுக்கு இடையே குறைந்தபட்சம் எவ்வளவு தூரம் வேண்டும் என்று ராமச்சந்திரன் வரையறுத்தார்.

புரதத்தின் முதுகெலும்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் தாராளமாகத் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டே. அந்தத் திருப்பங்களின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். சக ஆய்வாளர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து இரு கோணங்களையும் மாற்றி மாற்றி வைத்து, எங்கே அணுக்கள் இடிக்கின்றன என்று கணக்கிட்டு வரைபடமாக்கினார். 1963-இல் வெளியான அந்த வரைபடத்தில் பெரும்பகுதி 'ஆகாத' இடம். மிஞ்சிய சில திட்டுகளில்தான் ஆல்ஃபா சுருள், பீட்டா இழை என்ற வழக்கமான புரத வடிவங்கள் வருகின்றன. கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு மட்டும் கூடுதல் இடம் உண்டு. ஏனென்றால் அதன் பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு.

உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியல் என்ற துறை உருவாகுமுன்பே அதற்கு அடித்தளமான கணக்கு இது. பின்னர் வேறு இயற்பியலாளர்களும் இப்பக்கம் வந்தார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் இருந்த வால்டர் கோட், டி.என்.ஏ. வரிசைகளைத் திரட்டினார். அந்த முயற்சி 1982-இல் ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளமானது.

இன்று ஆய்வகத்தில் கண்டறிந்த புரத வடிவமானாலும், கணினி கணித்த வடிவமானாலும், ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். ஆகாத இடத்தில் நிறைய அமினோ அமிலங்களின் புள்ளிகள் விழுந்தால் அந்த வடிவத்தை மறுபடி ஆராய வேண்டும். எது நடக்காது என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது இயற்பியலின் பழக்கம். சென்னையில் போட்ட அந்தக் கணக்கால் அது உயிரியலின் பழக்கமும் ஆயிற்று.