ரோஜர்ஸ் கணவாயும் பனிச்சறுக்குப் பயணத் திட்டமும்

பனிச்சறுக்கு என்றதும், மின்தூக்கியில் மேலே சென்று, சீர்செய்த பாதையில் வழுக்கி இறங்கும் காட்சிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இன்னொரு வகையும் உண்டு. மின்தூக்கி இல்லாத காட்டுமலையில், சறுக்குப் பலகையின் அடியில் பின்வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறி, உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது. காரில் பல நாள் சுற்றி இவ்வாறு சறுக்குபவர்கள் எப்படித் திட்டமிடுகின்றனர் என்பதைக் கனடாவின் ரோஜர்ஸ் கணவாயை வைத்துப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் கோல்டன், ரெவல்ஸ்டோக் ஆகிய ஊர்களுக்கு நடுவே உள்ளது இக்கணவாய். 1910 மார்ச் 4-ஆம் நாள், இரயில் பாதையை மூடியிருந்த பனிச்சரிவை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது எதிர்மலையிலிருந்து மற்றொரு சரிவு விழுந்தது. 58 பேர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் ஜப்பானியர். நம் முன்னோரைப் போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். 1916-இல் இரயில் பாதை சுரங்கத்துக்குள் சென்றுவிட்டது. 1962-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலையோ இன்றும் அந்தச் சரிவுகளுக்குக் கீழேதான் செல்கிறது. எனவே குளிர்காலத்தில் அவ்வப்போது சாலையை மூடி, இராணுவத்தினர் மலையைப் பீரங்கியால் சுட்டு, தேங்கிய பனியை முன்கூட்டியே விழச் செய்கின்றனர்.

பீரங்கி முழங்கும் மலையில் சறுக்கலாமா? சறுக்கலாம், அனுமதிச் சீட்டு இருந்தால். எந்தப் பகுதி திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது என்பதைத் தேசியப் பூங்கா நிர்வாகம் காலைதோறும் அறிவிக்கிறது. நேற்றுத் திறந்திருந்த சரிவு இன்று மூடியிருக்கலாம். ஆகவே, சனிக்கிழமை இந்தச் சிகரம் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு புறப்படுவதில் பொருளில்லை. நல்ல நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று எனப் பல இடங்களைத் தயாராக வைத்திருப்பதே திட்டம்.

தேர்வுக்கு உதவுவது பனிச்சரிவு முன்னறிவிப்பு. அபாயத்தை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். மூன்றாம் நிலையைப் பலரும் 'நடுத்தரம்தானே' என்று எண்ணிவிடுகின்றனர். உயிரிழப்புகளில் பெரும்பகுதி அந்நிலையில்தான் நிகழ்கிறது. பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் தொடங்குவதால், அபாயம் கூடிய நாளில் அதற்குக் குறைவான சாய்வுள்ள, மேலே செங்குத்தான சரிவு தொங்காத இடத்தையே நாடுவர்.

சாலை மூடினால் மறுபக்க ஊரில் முன்பதிவு செய்த அறைக்குப் போகமுடியாது. ஆதலால் இரத்து செய்யக்கூடிய அறையும், ஓரிரண்டு உபரி நாள்களும், நிரம்பிய எண்ணெய்த் தொட்டியும் அவசியம். இம்மலைச்சாலையில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்காலச் சக்கரமும் கட்டாயம்.

சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரைச் சுமார் 10 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. விமானச் சீட்டுக்குப் பணம் கட்டி, விடுப்பும் எடுத்து வந்த கூட்டத்தில் "இன்று வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அதனால் அனுபவசாலிகள் வீட்டிலேயே ஒரு விதியைப் பேசி முடித்துவிடுகின்றனர்: ஒருவர் மறுத்தாலும் எல்லாரும் திரும்புவது, காரணம் கேட்பதில்லை.