இதயத்தின் கதை – 11: பென் பிரீட்லவ் காட்டிய அட்டைகள்

ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி என்று மருத்துவர்கள் அழைக்கும் இதயத்தசை மிகைத்தடிப்பு நோய், பெரும்பாலும் பிறர் கண்ணுக்குப் புலப்படாத நோய். அதைச் சுமப்பவர் பள்ளிக்குச் செல்வார், நண்பர்களோடு சிரித்துப் பேசுவார், ஏரியில் படகேறுவார். அவருடைய நெஞ்சுக்குள் நடப்பதை அருகில் அமர்ந்திருப்பவர்கூட அறிய மாட்டார். ஆகவே மருத்துவ நூல்கள் இந்நோயை எவ்வளவு விரிவாக விளக்கினாலும், அதனோடு வாழ்வது எப்படிப்பட்டது என்பதை நோயாளி தாமே சொன்னாலன்றிப் பிறர் உணர வழியில்லை. அவ்வாறு சொன்னவர்களுள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் வளர்ந்து, 2011ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் பதினெட்டு வயதில் மறைந்த பென் பிரீட்லவுக்குத் தனியிடம் உண்டு. யூடியூபில் காணொளிகள் வெளியிட்டுவந்த அந்த இளைஞரை உலகம் நினைவில் வைத்திருப்பது, மயங்கிக் கிடந்த வேளையில் அவர் கண்டதாகச் சொன்ன ஒரு காட்சிக்காகத்தான். அவர் சொல்ல வந்த மற்றவை அந்தக் காட்சியின் ஒளியில் மங்கிப்போயின என்பதும், அவையே கூடுதல் கவனத்துக்கு உரியவை என்பதும் இப்பகுதியின் வாதம்.

முதலில் நோயின் இயல்பைப் பார்க்க வேண்டும். உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துவது இதயத்தின் இடது கீழறை. அதன் தசைச்சுவர் பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமன் கொண்டது. உயர் இரத்த அழுத்தம், வால்வுச் சுருக்கம் போன்ற வேறு காரணம் எதுவும் இல்லாமலேயே அச்சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருக்குமானால், மருத்துவர்கள் இந்நோயை எண்ணிப் பார்க்கிறார்கள். சிலருக்கு அது 30 மில்லிமீட்டரையும் எட்டுகிறது. தடித்த தசை வலிமையான தசைதானே என்று தோன்றலாம். ஆனால் இங்கு சுருங்கும் ஆற்றலுக்குக் குறைவில்லை. தளர்ந்து விரியும் ஆற்றலே குறைகிறது. விறைத்துப்போன அறை போதுமான அளவு விரியாததால் அதில் நிரம்பும் இரத்தம் குறைகிறது, அதைச் சரிக்கட்ட இதயம் கூடுதலாக உழைக்கிறது, நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, களைப்பு மேலிடுகிறது. இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள தடுப்புச்சுவர் புடைத்துக்கொண்டு, இரத்தம் பெருந்தமனிக்குச் செல்லும் வழியையே நெருக்குவதும் பலரிடம் காணப்படுகிறது.

இதைவிட அஞ்சத்தக்கது மற்றொன்று. நலமான இதயத்தில் தசையணுக்கள் பாயில் நெய்த கோரைகளைப் போல ஓர் ஒழுங்கில் அமைந்திருக்க, இந்நோயில் அவை திசைக்கொன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. இடையிடையே தழும்புத் திசுவும் வளர்கிறது. அந்த ஒழுங்கின்மைக்குள் புகும் மின்தூண்டல் வழிதவறிச் சுழன்று, கீழறைகளைத் துடிக்க விடாமல் வெறுமனே நடுங்க வைத்துவிடக்கூடும். இரத்தக்குழாய் அடைபடுவதால் நேரும் மாரடைப்பு வேறு, மின்னொழுங்கு குலைந்து இதயம் நின்றுபோகும் இந்நிலை வேறு. பின்னதில் நோயாளியின் உயிர் சில நிமிடங்களில் செய்யப்படும் உதவியைப் பொறுத்தது. 1958இல் லண்டன் நோய்க்குறியியல் அறிஞர் டொனால்டு டியர், திடீரென இறந்த இளம் வயதினரின் இதயங்களை ஆராய்ந்து, தடுப்புச்சுவரின் இந்தச் சீரற்ற தடிப்பை எழுத்தில் பதிந்தபோதுதான் இது தனி நோயாக அடையாளம் பெறத் தொடங்கியது. ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது 1990களிலிருந்து பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

நோய்க்குக் காரணம் பெரும்பாலும் மரபணுவில் உள்ளது. பிறழ்ந்த மரபணுவைக் கொண்ட ஒருவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. தமிழ் வாசகர் இதை அயலார் நோய் என்று ஒதுக்குவதற்கில்லை. இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு பிறழ்வு தெற்காசிய மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதையும், அது இதயத்தசை நோய்களுக்கான அபாயத்தைக் கூட்டுவதையும் 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

பென் பிரீட்லவ் இந்நோயோடு பிறந்தவர். பள்ளி விளையாட்டு அணிகளில் அவரால் சேர முடியவில்லை. அமெரிக்கக் கால்பந்தைத் திருவிழாவாகக் கொண்டாடும் டெக்சாஸில், நலமானவனைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு சிறுவன் ஏன் ஆடுவதில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் விடை சொல்லிக்கொண்டிருப்பது, மூச்சுத்திணறலுக்குக் குறையாத பாரம் என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆஸ்டின் ஏரியில் படகின் பின்னே பலகையில் நின்று அலையில் சறுக்கும் விளையாட்டில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

யூடியூபில் அவர் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களை நடத்தினார். பதின்பருவத்தினரின் காதல், நட்பு, கூச்சம் பற்றிய கேள்விகளுக்கு நண்பர்களோடு சேர்ந்து அறிவுரை வழங்கிய தளம் அவற்றுள் ஒன்று. அங்கே காண்பவர் சரளமாகப் பேசும் கலகலப்பான இளைஞரைத்தான் சந்திப்பார். நோயைச் சொல்லும் காணொளியை அவர் அந்தத் தளத்தில் வெளியிடவில்லை. ஆஸ்டினின் தொலைபேசிக் குறியீட்டெண்ணான 512ஐப் பெயரில் கொண்ட வேறொரு தளத்தில் வெளியிட்டார். தம்மை அறிவுரையாளராக அறிந்தவர்கள் முன் நோயாளியாக நிற்க அவர் தயங்கியிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. நாட்பட்ட நோயோடு வாழும் இளையோர் பலரிடம் காணப்படும் தயக்கம் அது. நோய் தெரிந்த மறுகணமே மற்றவர் பார்வை மாறிவிடுகிறது என்பதை அவர்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

‘இது என் கதை’ என்று பொருள்படும் தலைப்பில், 2011 டிசம்பர் 18ஆம் நாள் இரண்டு பகுதிகளாக வெளிவந்த அக்காணொளியில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கேமராவுக்கு மிக அருகில் அமர்ந்து, கையால் எழுதிய அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார். நோயின் பெயரைச் சொல்லி, அது ஆபத்தானது என்கிறார். வளர வளர அதன் தீவிரத்தை உணர்ந்ததையும், அது தமக்கு அச்சம் தருவதையும், அந்த அச்சத்தைத் தாம் வெறுப்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 2009இல், துடிப்பை ஒழுங்குபடுத்தும் சிறு மின்கருவியான பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டபோது மிகவும் பயந்ததாகவும் ஓர் அட்டை சொல்கிறது. பேசும்போது குரல் உடையலாம், சொல் தடுமாறலாம், கேட்பவர் குறுக்கிடலாம். எழுதி வைத்த அட்டைக்கு அந்த இடர்கள் இல்லை. பேச்சையே தம் கலையாகக் கொண்டிருந்தவர் இவ்வளவு பெரிய செய்திக்கு மௌனத்தைத் தேர்ந்தது முதிர்ந்த முடிவு. பார்ப்பவர் தம் வேகத்தில் கேட்பதற்குப் பதில் அவருடைய வேகத்தில் படிக்க வேண்டியிருக்கிறது.

மரணத்தின் அருகே மூன்று முறை சென்று திரும்பியதை அவ்வட்டைகள் விவரிக்கின்றன. நான்கு வயதில் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து வலிப்பு வந்தபோது, இருண்ட மருத்துவமனை நடைவழியில் தாயின் கண்ணுக்குத் தெரியாத பேரொளி ஒன்றைத் தாம் கண்டதாகவும், அப்போது கவலையே தோன்றவில்லை என்றும் அவர் சொல்கிறார். 2011 கோடையில், பலருக்கும் செய்யப்படும் சாதாரண டான்சில் அறுவை சிகிச்சையின்போது அவருடைய இதயம் நின்று மீண்டது. மூன்றாவது, காணொளிக்குச் சில நாட்களே முன்னதாக, டிசம்பர் 6ஆம் நாள் வெஸ்ட்லேக் உயர்நிலைப் பள்ளியில் நிகழ்ந்தது. மயக்கம் வருவதை உணர்ந்து இருக்கையில் அமர்ந்தவர் நினைவிழந்தார்; பிறகு, அசையவோ பேசவோ இயலாமல், தம்மைச் சூழ்ந்த அவசர மருத்துவப் பணியாளர்கள் நாடித்துடிப்பு இல்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே கிடந்ததாகவும், இதுவே முடிவு என்று எண்ணியதாகவும் எழுதுகிறார். அதன்பின் எல்லையற்ற ஒரு வெண்ணிற அறையில், நேர்த்தியான உடையில், தமக்குப் பிடித்த ராப் பாடகர் கிட் கடியுடன் நின்றதையும், கண்ணாடியில் தம்மைக் கண்டு தம் வாழ்க்கையைப் பற்றிப் பெருமிதம் கொண்டதையும், அந்த அமைதியை விட்டு வர மனமில்லாதிருந்ததையும் சொல்லி, கடவுளை நம்புவதாக அறிவித்து முடிக்கிறார்.

வெளியிட்ட ஏழாம் நாள் அவருடைய இதயம் மீண்டும் நின்றது, இம்முறை திரும்பவில்லை. சில நாட்களில் பல லட்சம் பேர் அக்காணொளியைக் கண்டனர். கிட் கடி அதைப் பார்த்து அழுததைப் பொதுவெளியில் எழுதினார். அக்காள் ஆலி பிரீட்லவ் 2013இல் தம்பியின் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். விவாதமோ வெண்ணிற அறையைச் சுற்றியே நடந்தது. மறுமைக்குச் சான்று என்று நம்பிக்கையாளர்கள் மகிழ, இரத்த ஓட்டம் தடைப்பட்ட மூளை இத்தகைய அனுபவங்களை உருவாக்கக்கூடும் என்று மற்றவர்கள் மறுத்தனர். அவர் கண்டது அவருக்கு உண்மையான ஆறுதலைத் தந்தது; அதை எவரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் இரு தரப்பாரும் கடைசி அட்டைகளையே படித்தார்கள் என்பது வருத்தத்துக்குரியது. விளையாட முடியாத சிறுவனைப் பற்றியும், அறுவை அறைக்குள் பயத்தோடு சென்ற பதினைந்து வயதினனைப் பற்றியும் சொன்ன முன்னைய அட்டைகள், இன்று அதே நோயோடு வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வாழ்க்கையைச் சொல்பவை. மறுமையைப் பற்றிய வழக்கு தீரும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது.

அவர்களுடைய நிலையில் அதன்பின் மாற்றங்கள் வந்துள்ளன. ஆபத்தான துடிப்பை உணர்ந்து உடலுக்குள்ளிருந்தே மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் 1980இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. யாருக்கு அது தேவை என்று கணிக்கும் முறைகள் இப்போது மேம்பட்டிருக்கின்றன. 2022இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த மாவகாம்டென் என்ற மருந்து, தசைப்புரதங்களின் மிகையான பிணைப்பைத் தணித்து, இரத்தம் வெளியேறும் வழியில் உண்டாகும் நெருக்கத்தைக் குறைக்கிறது. 2020இல் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்கள், மிதமான உடற்பயிற்சி இந்நோயாளிகள் பெரும்பாலோருக்கு நன்மை தருவது என்றும், போட்டி விளையாட்டைப் பற்றிய முடிவை நோயாளியும் மருத்துவரும் அபாயத்தை எடைபோட்டுச் சேர்ந்தே எடுக்கலாம் என்றும் கூறின. மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட தலைமுறைகளை எண்ணினால் இது சிறிய மாற்றமன்று.

எனினும் நோய் இருப்பது தெரிந்தால்தான் இவற்றால் பயன். கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ, 2003 ஜூன் 26ஆம் நாள் பிரான்ஸின் லியோன் நகரில் ஆடிக்கொண்டிருந்தபோதே விழுந்து இறந்தார். அவருக்கு இந்நோய் இருந்தது பிணக்கூறாய்வுக்குப் பிறகே தெரியவந்தது. போட்டிகளில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஈசிஜி உள்ளிட்ட இதயப் பரிசோதனையை 1982இலிருந்து கட்டாயமாக்கிய இத்தாலியின் அனுபவத்தையும், அதை மற்ற நாடுகள் பின்பற்றத் தயங்குவதன் காரணங்களையும் அடுத்த பகுதி ஆராயும்.