வெளிச்சுவரில் ஒரு புரதம்

வைப்பாறு கடலில் சேருமிடம் கீழவைப்பார். அதற்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டி வேப்பலோடை. 1973இல் கே. அழகர்சாமி தலைமையிலான குழு சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டியது அங்கேதான். அவரே பின்னாளில் சென்னையில் மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனத்தின் இயக்குநரானார். அந்த நிறுவனம் ஆராயும் உவர்நீர் உயிரினங்களில் இறாலும் ஒன்று. 1990களின் நடுவில் தமிழகத்து இறால் குளங்களுக்கு வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து சேர்ந்தது. நோய் கண்ட குளத்தில் பத்து நாளுக்குள் மொத்த இறாலும் செத்துப்போகலாம்.

இந்த வைரஸின் மேலுறையில் விபி28 என்றொரு புரதம் உண்டு. அதை மட்டும் தீவனத்தோடு கொடுத்து இறாலை முன்கூட்டியே உஷார்ப்படுத்த முடியுமா? வெறும் புரதம் தண்ணீரில் கரைந்துபோகும், குடலிலும் சிதையும். அதனால் நாம் உணவில் உண்டு பழகிய நுண்ணுயிர் ஒன்றின் மேல் அதை ஏற்றி அனுப்புகிறார்கள்.

மோரிலும் பாலாடைக்கட்டியிலும் வாழும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் அப்படிப்பட்டது. அந்நிய மரபணுவைப் புகுத்தினால் புரதம் செல்லுக்குள் உருவாகும். ஆனால் உள்ளேயே கிடந்தால் குடல் அதைக் காணாது. எனவே புரதத்தின் தலையில் வெளியேறுவதற்கான குறியும், வாலில் ஐந்து அமினோ அமிலக் குறியும் சேர்க்கிறார்கள்: லூசின், புரோலின், ஏதாவது ஒன்று, திரியோனின், கிளைசின். சார்ட்டேஸ் என்ற நொதி கடைசி இரண்டுக்கும் நடுவே வெட்டி, திரியோனினைச் செல்சுவரோடு பிணைத்துவிடும். இந்த நொதியை முதலில் கண்டுபிடித்தது சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸில் என்பது வேடிக்கைதான்.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நுண்ணுயிர் வேறு வழியில் போகிறது. ஜப்பானியர் நாட்டோ என்று சோயாவைப் புளிக்கவைப்பது இந்த இனத்தால்தான். நம் பண்ணைக்காரர்கள் குளத்தில் போடும் 'புரோபயாடிக்' பொடியிலும் பேசில்லஸ் உண்டு. இதன் வித்து (ஸ்போர்) சூட்டைத் தாங்கும். வித்துறைப் புரதமான காட்பி-யோடு டெட்டனஸ் நச்சின் ஒரு துண்டை இணைத்து, 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வித்தின் மேலேயே காட்டினார்கள். விபி28 தாங்கிய பேசில்லஸ் வித்துகளைத் தின்ற இறால்களில் வைரஸ் சாவு குறைந்ததாகச் சீனாவிலும் வியட்நாமிலும் ஆய்வுக்கூட முடிவுகள் உள்ளன. இறாலுக்கு நம்மைப்போல் எதிர்ப்பான்கள் கிடையாது. ஆகவே இதைத் தடுப்பூசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வித்து கலந்த குளத்துத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்? மன்னார் வளைகுடாவுக்கு. அங்கே 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது. மரபணு மாற்றிய வித்து வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கக்கூடியது. மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989ஆம் ஆண்டு இந்திய விதிகளின்படி, அரசு அனுமதி இல்லாமல் அதை வெளியே விடவும் முடியாது.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் உருவான இன்னொரு முறை உண்டு. மரபணு மாற்றாத லாக்டோகாக்கஸைச் சூடான அமிலத்தில் கொன்றால், உட்பொருள் பெரும்பாலும் போய்க் கூடு மிஞ்சும். செல்சுவரைப் பற்றும் லைசெம் வால் பூட்டிய புரதத்தை வேறிடத்தில் தயாரித்துக் கலந்தால், அது கூட்டில் தானே ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள எதுவும் கடலுக்குப் போகாது. செலவு கூடினாலும் இந்தக் கரையில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

அதுவரை, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் நோயில்லை என்று தெரிந்த குஞ்சுகளை மட்டும் குளத்தில் விடுங்கள். வெள்ளைப்புள்ளிக்குத் தடுப்பூசி என்று யாராவது பொடி விற்க வந்தால், அனுமதிக் கடிதத்தை முதலில் கேளுங்கள்.